எஸ்டிடிஐஓவா, ஐஓஸ்ட்ரீமா?

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு எடைச்சீட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பண்டல் கணக்கு என்று புரோகிராம் எழுதும் கோவைப் பசங்களுக்கு வழக்கமாக வரும் குழப்பம் இது: திரையிலும் ஃபைலிலும் எழுத, படிக்க சி மொழியின் எஸ்டிடிஐஓ (stdio) நூலகமா, சி++ மொழியின் ஐஓஸ்ட்ரீம் (iostream) நூலகமா?

எங்கெல்லாம் ஓடும்?
எஸ்டிடிஐஓ: 1989 சி தரத்திலேயே உண்டு. பம்ப்செட் கன்ட்ரோலர் போன்ற சின்ன சிப்பிலும் பெரும்பாலும் கிடைக்கும்.
ஐஓஸ்ட்ரீம்: 1998 சி++ தரம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். சின்ன சிப்புக்குப் பாரம்.

பிழை?
எஸ்டிடிஐஓ: எடை தசமத்தில் இருக்க, பிரிண்ட்எஃப் (printf) என்ற அச்சிடும் கட்டளையில் முழு எண்ணுக்கான %டி (%d) போட்டால் சீட்டில் குப்பை எண் வரலாம். கம்பைலர் எச்சரிக்கும்தான், அதை யார் படிக்கிறார்கள்?
ஐஓஸ்ட்ரீம்: முழு எண்ணா, தசமமா என்ற வகையைத் தானே கவனிக்கும். ஃபைலையும் தானே மூடும்.

வேகம்?
ஐஓஸ்ட்ரீம் மெதுவு என்பது பாதிதான் உண்மை. வரிக்கு வரி எண்ட்எல் (endl, வரியை முடிக்கும் கட்டளை) போட்டால் ஒவ்வொரு முறையும் பஃபர் (எழுதுவதைச் சேர்த்துவைக்கும் தற்காலிக இடம்) காலியாகும், அதனால்தான் மெதுவு. சாதாரண வரிமுடிவுக் குறி (\n) போதும்.

எண்களை வரிசையாக அடுக்கி அச்சிட? எஸ்டிடிஐஓதான், சந்தேகமே இல்லை. %8.3எஃப் (எட்டு இட அகலம், மூன்று தசம இடம்) என்று ஒரே போடு.

விண்டோஸில் இரண்டுமே டெக்ஸ்ட் முறையில் வரிமுடிவை மாற்றிவிடும். படம் போன்ற எழுத்தல்லாத ஃபைல் (பைனரி) என்றால் பைனரி முறையில் திறங்கள்.

சிப்புக்கும் சீட்டு அச்சுக்கும் எஸ்டிடிஐஓ. நாலு பேர் கை வைக்கும் பெரிய கணக்கு மென்பொருளுக்கு ஐஓஸ்ட்ரீம்.