போய்ப் பார்ப்பதா, ஆளை வரவழைப்பதா?

வெளிநாட்டில் கற்றுக்கொள்ள நினைக்கும் ஜப்பானிய நகராட்சிக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள். சில நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஓர் அதிகாரியை இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்க வைக்கலாம். இல்லையென்றால் வெளிநாட்டுக்காரர் ஒருவரையே சம்பளம் கொடுத்து அலுவலகத்துக்கு வரவழைக்கலாம். (சகோதர நகர ஒப்பந்தங்களும் உண்டு. அமெரிக்காவோடு முதலில் கைகோத்தது நாகசாகி, 1955-ல், செயின்ட் பால் நகரத்துடன். அதில் நட்புதான் பிரதானம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.)

கெட்ட பெயர் அதிகம் வாங்கியது முதல் வழிதான். ஜப்பானியர்கள் இதை 'ஷிசாத்சு' என்பார்கள். வரிப்பணத்தில் ஊர் சுற்றுகிறார்கள் என்ற புகார் உள்ளூர் மன்ற உறுப்பினர்கள் மேல் அடிக்கடி வரும்.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணமும் இந்த வகையில்தான் இருக்கிறது. பெப்பு என்ற பெரிய வெந்நீர் ஊற்று நகரத்துக்குப் பக்கத்திலேயே யூஃபுயின் என்ற சின்ன ஊர். 1970-ல் அங்கே ஒரு சதுப்பு நிலத்தில் கோல்ஃப் மைதானம் வரப்போவதாகப் பேச்சு எழுந்தது, ஊரார் எதிர்த்தார்கள். சரி, கோல்ஃப் வேண்டாம், வேறென்ன வேண்டும்? இந்தக் கேள்வியோடு 1971-ல் நகாயா கென்தாரோ, மிசோகுச்சி குன்பெய் உட்பட விடுதிக்காரர்கள் மூன்று பேர் சுமார் 50 நாள் ஐரோப்பாவில் சுற்றினார்கள். தெற்கு ஜெர்மனியின் பாடன்வைலரும் வெந்நீர் ஊற்று ஊர்தான். அங்கே சந்தித்த உள்ளூர் விடுதிக்காரர் ஒருவர் சொன்னது மூன்றே விஷயம்: அமைதி, பசுமை, திறந்தவெளி. அதோடு விடவில்லை. உங்கள் ஊருக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மூவரையும் கேட்டாராம். 1990-ல் பெரிய கட்டுமானங்களுக்குக் கடிவாளம் போடும் ஊராட்சி விதி யூஃபுயினில் வந்தது. இத்தனைக்கும் போனவர்கள் அரசு ஊழியர்களே இல்லை. (இன்று அந்த ஊரின் கடைத்தெருவில் நடக்க இடமில்லை என்பது வேறு கதை.)

இரண்டாவது வழிக்கு 1988-ல் தொடங்கிய 'கிளேர்' என்ற அமைப்பு இருக்கிறது. நியூயார்க், லண்டன், சிங்கப்பூர் என்று ஏழு நகரங்களில் அலுவலகம். மாகாணங்களும் நகராட்சிகளும் தங்கள் ஆட்களை அங்கே அனுப்புகின்றன. ஆழம் என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. சிக்கல் ஆள் திரும்பிய பிறகுதான். ஜப்பானிய அலுவலகங்களில் சில வருடத்துக்கு ஒருமுறை துறை மாற்றிவிடுவார்கள். லண்டனில் பொதுப் போக்குவரத்தைக் கரைத்துக் குடித்தவர் ஊரில் வரி வசூல் மேசையில் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது, வெளிநாட்டுக்காரர்களை ஜப்பானில் வேலைக்கு அமர்த்த 1987-ல் தொடங்கிய 'ஜெட்' திட்டம். 2019-ல் 57 நாடுகளிலிருந்து 5,761 பேர். ஆனால் பெரும்பாலோர் பள்ளியில் மொழி சொல்லித்தருபவர்கள். நகராட்சி அலுவலகத்தில் உட்காரும் சர்வதேச உறவு ஒருங்கிணைப்பாளர்கள் 514 பேர்தான். மொழிபெயர்ப்பு, விருந்தினரைக் கவனிப்பது, கலாசார விழா என்று இவர்கள் நாள் போய்விடுகிறது. எங்கள் ஊரில் குப்பையை இப்படிப் பிரிப்போம், பேருந்தை இப்படி ஓட்டுவோம் என்று சொல்லக்கூடியவரிடம் அழைப்பிதழைத் திருத்தக் கொடுத்தால் எப்படி? அதிகபட்சம் ஐந்து வருடம். அப்புறம் அவரும் கிளம்பிவிடுவார்.

கற்றவர் ஊரிலேயே தங்கியது யூஃபுயினில் மட்டும்தான். அதனால் ஒரு சின்ன ஊரின் பணத்தை என்னிடம் கொடுத்தால் உறுப்பினர்களுக்கு டிக்கெட் போட மாட்டேன். கடைக்காரர், விவசாயி, விடுதிக்காரர் என்று நாளைக்கும் அதே தெருவில் இருக்கப்போகிறவர்களை அனுப்புவேன், ஒரு வாரத்துக்கு அல்ல, ஒரு மாதத்துக்கு மேல். பெரிய மாகாணமென்றால் கிளேர்தான், திரும்பியவரை ஐந்து வருடம் அதே துறையில் வைத்திருப்பதாக எழுதிக் கொடுத்தால்.