கேரக்டர் ஷீட் ஆர்டர் கொடுப்பவர்கள் மீதிப் பணத்தைப் போடுமுன் படிக்கவும்

சேலத்தில் கேரக்டர் டிசைன் செய்து தருவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யும் ஒரு ஸ்டுடியோவில் 18,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். இதே மாதிரி யார் வந்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

குழந்தைகளுக்கான ஒரு 3டி கதை செய்துகொண்டிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண் ஒருத்தி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் திரியும் காட்டெருமை ஒன்று. இந்த இரண்டுக்கும் டர்ன்அரவுண்ட் ஷீட், அதாவது ஒரே உருவத்தைப் பல கோணங்களில் வரைந்த கேரக்டர் ஷீட் வேண்டும் என்று கேட்டேன். முன்பக்கம், முக்கால் பக்கம் (சற்றே திரும்பி நிற்பது), பக்கவாட்டு, பின்பக்கம், நான்கும் ஒரே அளவில் ஒரே தரைக்கோட்டில் நிற்க வேண்டும். டி.ஆர்.சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கிய ஊர் இது. இங்கே ஆளில்லையா என்ற எண்ணத்தில்தான் வெளியூரில் தேடாமல் உள்ளூரில் கொடுத்தேன்.

பாதிப் பணம் அட்வான்ஸ். பிரிவியூ என்று அவர்கள் அனுப்பியது முன்பக்கப் படம் மட்டும், அதுவும் வாட்டர்மார்க்கோடு சின்ன சைஸில். அழகாகத்தான் இருந்தது. "மீதியைப் போட்டால்தான் ஃபைல் லிங்க் வரும் மேடம், எல்லாருக்கும் இதுதான் ரூல்" என்றார்கள். போட்டேன்.

ஃபைலைத் திறந்ததுமே அஸ்தம்பட்டியில் 3டி மாடலிங் செய்யும் தம்பி ஒரு வேலை செய்தான். முன்பக்கப் படத்தில் கண், தோள், இடுப்பு, முட்டி ஆகியவற்றின் மேல் கோடு போட்டு, அதை அப்படியே மற்ற மூன்று படங்களுக்கும் இழுத்தான். கண்ணுக்குப் போட்ட கோடு பக்கவாட்டுப் படத்தில் மூக்கின் மேல் போனது. முன்பக்கத்தில் 7 தலை உயரம் (தன் தலையைப் போல் ஏழு மடங்கு) இருந்த பெண் பக்கவாட்டில் 6 தலைதான். "அக்கா, இதை வச்சு மாடல் பண்ணவே முடியாது" என்றான். முன்பக்கப் படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும் மென்பொருளில் பின்னணியாக வைத்து, இரண்டையும் பார்த்துத்தான் உருவத்தை எழுப்புவார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் முகம் எந்தப் படத்தை நம்பி வளரும்?

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தாவணி இடது தோளில் கிடப்பது. முன்னாலிருந்து பார்த்தால் நமக்கு வலப்பக்கம் தெரியும், பின்பக்கப் படத்தில் நமக்கு இடப்பக்கம் வர வேண்டும். இவர்கள் படத்தில் அங்கேயும் வலப்பக்கமே தொங்குகிறது. அதாவது திரும்பி நின்றதும் தாவணி தோள் மாறிவிட்டது. மூக்குத்தி வலது பக்கம் என்று எழுதியே கொடுத்திருந்தேன். முக்கால் பக்கத்தில் இடது பக்கம் இருக்கிறது. கொலுசு நான்கு படத்தில் நான்கு டிசைன். கதையே கொலுசுப் பட்டறையைப் பற்றியது, செவ்வாய்ப்பேட்டைக் குழந்தைகள் முதலில் பார்ப்பதே அதைத்தான். கைகள் உடம்பை விட்டு விலகி ஆங்கில A எழுத்து வடிவில் இருக்கட்டும் என்று கேட்டதற்கு, ஒரு கையை இடுப்பில் வைத்திருக்கிறார்கள். இடுப்பும் அக்குளும் மறைந்துவிட்டன.

காட்டெருமை இன்னும் மோசம். முன்பக்கத்தில் சரியாக நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிறம். பக்கவாட்டில் பின்னங்கால்கள் கறுப்பு. பக்கவாட்டில்தான் முதுகின் மேல் அந்த மேடு நன்றாகத் தெரிய வேண்டும், அதைக் காணோம். கொம்பு வீட்டு எருமைக் கொம்பு போலப் பின்னால் சரிந்து கிடக்கிறது. ஏற்காட்டில் ஒரு முறை காட்டெருமையைப் பார்த்தவர் யாரும் இப்படி வரைய மாட்டார்.

கையால் வரைந்தது என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். லேயர் லேயராகப் பிரித்துப் பார்க்கிற மாதிரி பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) ஃபைல் கேட்டேன். வந்ததைத் திறந்தால் ஒரே லேயர், படத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கோடு தனி, நிறம் தனி, நிழல் தனி என்று எதுவும் இல்லை. பாவாடைக் கரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் பூவேலை கரைந்து ஒன்றுக்குள் ஒன்று போய்விடுகிறது. ஏஐயில் தனித்தனியாக எடுத்து ஒரே பக்கத்தில் அடுக்கியது என்றுதான் நானும் தம்பியும் நினைக்கிறோம். ஏஐயா என்று நேராகவே கேட்டேன். பதில் இல்லை. திருத்தித் தரச் சொன்னதற்கு, ஒரு கோணத்துக்கு 2,500 ரூபாய் என்றார்கள். அதற்கப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான்.

யாரிடம் கொடுத்தாலும் நிறம் போடுவதற்கு முன்பே, வழிகாட்டிக் கோடுகளோடு நான்கு கோணத்தின் வெறும் கோட்டுப்படத்தைக் கேளுங்கள். முதலில் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், முன்பக்கத்தை யாரும் அழகாகக் காட்டிவிடலாம். மீதிப் பணத்துக்கு முன்னால் வீடியோ காலில் பிஎஸ்டியைத் திறந்து லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக வரைகிறவருக்கு அது ஐந்து நிமிட வேலை. நம் ஊரில் அப்படி வரைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்த மாதிரி ஆட்களால் அவர்களுக்கு வரும் வேலையும் கெடுகிறது என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், அதற்கு 2 வருட அவகாசம் இருக்கிறது. வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது, அவர்கள் அனுப்பிய ஃபைல் எல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன். முன்பக்கத்தை மட்டும் காட்டி மீதிப் பணம் வாங்கிய அனுபவம் சேலத்தில் உங்களில் யாருக்காவது இருந்தால், ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஸ்டுடியோ ஒன்றேயானால் சேர்ந்தே போகலாம்.