மணலும் தக்கையும்: போர்த்துக்கல் மீனவர் பாதையில் ஐந்து நாள்

உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் முப்பத்தோரு ஆண்டு தபால் கொடுத்தவன் நான். சைக்கிள் உருளாத செம்மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய் மணியார்டர் சேர்த்திருக்கிறேன். ஆகவே லிஸ்பனில் வேலை பார்க்கும் மகள், "அப்பா, ஐந்து நாளில் நூறு கிலோமீட்டர். உங்களால் முடியுமா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டாம் நாள் மாலைக்குள் அந்தச் சிரிப்பு முழங்கால் வழியாக இறங்கிப் போய்விட்டது.

நாங்கள் நடந்தது போர்த்துக்கலின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ரோட்டா விசென்டினா. 2012இல் தொடங்கிய நடைபாதைத் தொகுப்பு. கிளைவழிகளையும் சேர்த்தால் சுமார் 750 கிலோமீட்டர் வரும். அட்லாண்டிக் கரையின் பாறை விளிம்பை ஒட்டியே போவது மீனவர் பாதை. உள்நாட்டுச் சிற்றூர்களையும் தக்கை மரக் காடுகளையும் ஊடுருவிப் போவது வரலாற்றுப் பாதை. அனுமதிச் சீட்டு இல்லை, கட்டணம் இல்லை. முதல் நான்கு நாள் போர்ட்டு கோவுவிலிருந்து மில்ஃபோன்டெஸ், அல்மோகிராவ், சம்புஜெய்ரா வழியாக ஒடெசெய்ஷ் வரை கடலோரம் நடந்தோம். ஐந்தாம் நாள் மட்டும் காடு.

வழிகாட்டிக் குறிகளுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். கடலோரத்தில் பச்சையும் நீலமும், உள்நாட்டில் வெள்ளையும் சிவப்பும். இரண்டு கோடு ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் சரியான வழி. பெருக்கல் குறி போட்டிருந்தால் திரும்பி வா என்று பொருள். கம்பத்திலும் கல்லிலும் வேலித் தூணிலும் தீட்டியிருக்கிறார்கள். கதவு எண் இல்லாத தெருக்களில் 'வேப்பமரத்து வீடு' என்று எழுதிவந்த கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் சொல்கிறேன்: நான்கு நாளில் ஓர் இடத்தில்கூட மகளின் கைப்பேசியை எடுக்கவேண்டி வரவில்லை.

மணல்தான் வேறு கதை. வழிகாட்டியில் மணல் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. படித்தும் நாங்கள் பொருட்படுத்தவில்லை. முதல் நாளின் 20 கிலோமீட்டரை நம் ஊர்த் தார்ச்சாலைக் கணக்கில் ஐந்து மணி நேரம் என்று போட்டுவைத்தேன். ஏழரை மணி நேரம் ஆனது. தேரி மணலில் வெறுங்காலை அகல வைத்து, குதிகாலை அழுத்தாமல் நடக்கலாம். இங்கே முள்ளும் கூர்க்கல்லும் இருப்பதால் ஷூவைக் கழற்ற முடியாது. போட்டுக்கொண்டால் அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து கொட்டவேண்டும். கணுக்காலை மூடும் துணி உறை ஒன்று கடையில் விற்கிறார்கள். மகள் வாங்கச் சொன்னாள், நான் மறுத்தேன். இதைப் படிப்பவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நிழலும் பெரும்பாலும் கிடையாது, ஆகவே கோடை வேண்டவே வேண்டாம். இந்தப் பாதை போகும் ஒடெமிரா வட்டாரத்தில் 2023 ஆகஸ்டில் பெருங்காட்டுத்தீ பரவியதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன ஏப்ரலில் காற்று குளிர்ந்திருந்தது, மணல்மேடுகள் முழுக்கப் பூ.

அந்த மணலைப் பொறுத்துக்கொள்ள வைப்பவை நாரைகள். செங்கால் நாரை நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் கடலுக்குள் துருத்தி நிற்கும் ஒற்றைப் பாறையின் உச்சியில், கீழே அலை வெடிக்க, அது கூடு கட்டிக் குடும்பம் நடத்துவதை இந்தக் கரையில்தான் காண முடியும் என்கிறார்கள். அலகைத் தட்டும் சத்தம், யாரோ பனையோலையில் குச்சியால் தட்டுவதுபோல, காற்றோடு வருகிறது. சர்தாவ் முனையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். அங்கே கலங்கரை விளக்கத்தின் கோபுரம் நிலத்தின் பக்கமும் அதை ஒட்டிய கட்டடம் கடலின் பக்கமுமாக இருக்கின்றன. வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துக் கட்டிவிட்டார்கள் என்று ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாதையின் பெயருக்கு ஏற்ப மீனவர்களும் உண்டு. நான் எட்டிப் பார்க்கவே பயந்த விளிம்பில் நின்றுகொண்டு நீளத் தூண்டிலை வீசுகிறார்கள்.

விளம்பரப் படங்களில் வராத ஒன்றும் இருக்கிறது. அல்மோகிராவைத் தாண்டியதும் உட்புறத்தில் பிளாஸ்டிக் கூடாரங்கள், அவற்றுக்குள் பழச்சாகுபடி. அங்கே வேலை செய்பவர்களில் இந்தியர்களும் நேபாளிகளும் ஏராளம். சைக்கிளில் வந்த இரண்டு பஞ்சாபி இளைஞர்கள் என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்கள். எந்தப் பண்ணையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சும்மா நடக்க வந்தேன் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இனி என் குறை. தங்கும் வீட்டிலிருந்து அடுத்த ஊர் வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுசேர்க்கும் வண்டிச் சேவைகள் இந்தப் பாதையில் உண்டு. நாங்கள் அமர்த்திய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் சம்புஜெய்ராவில் போய் இறங்கினால் பெட்டி வரவில்லை. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் வேறொரு விடுதியில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குத்தான் வந்தது, அதுவரை நனைந்த காலுறையோடு இருந்தேன். மன்னிப்புக் கேட்டார்கள், அந்த நாள் கூலியைத் திருப்பித் தந்தார்கள், எல்லாம் சரி. ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன்: விடுதியின் பெயர் பாதி, ஊரின் பெயர் சுருக்கம், தெரு இல்லவே இல்லை. எங்கள் கிளை அஞ்சலகத்தில் இப்படி ஒரு பார்சலைப் போஸ்ட்மாஸ்டர் வாங்கவே மாட்டார்.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, அசோர்தா. பழைய ரொட்டித் துண்டுகள்மேல் பூண்டும் கொத்துமல்லித் தழையும் இடித்துப் போட்டு, ஆலிவ் எண்ணெயும் கொதிநீரும் ஊற்றி, மேலே அரைவேக்காட்டு முட்டை வைக்கிறார்கள். அலென்தேஜு என்னும் இந்த வட்டாரத்து ஏழைகளின் பழைய உணவு. கொத்துமல்லி வாசம் வந்ததும் மகள் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கிண்ணம் முடித்தேன். பாதையில் இடையே கடைகள் அரிது. என் பையில் இருந்த உடன்குடிக் கருப்பட்டியும் பொரிகடலையும்தான் பகலில் எங்களைக் காப்பாற்றின.

ஐந்தாம் நாள் டாக்ஸியில் சாவ் லூயிஸ் போய், அங்கிருந்து ஒடெமிராவுக்கு 25 கிலோமீட்டர் நடந்தோம். கடலோரத்தில் கூட்டமாக வந்தவர்களில் ஒருவரையும் இங்கே காணோம். கெட்டியான மண் பாதை, நிழல், இடையிடையே ஊட்டியை நினைவூட்டும் தைல மர வாசம், இறுதியில் மீரா ஆறு. தக்கை மரங்களைக் கிட்டே பார்த்தது இங்கேதான். இவற்றின் பட்டையை உரித்துத்தான் தக்கை எடுக்கிறார்கள். பட்டை உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில் இருக்கிறது. அதில் வெள்ளையில் ஒற்றை இலக்கம், உரித்த ஆண்டின் கடைசி எண். 1 என்றால் 2021இல் உரித்தது என்று பொருள். அடுத்த உரிப்புக்கு ஒன்பது ஆண்டு காத்திருக்கவேண்டும், ஆகவே 2030. மரத்துக்குத் தேதி முத்திரை குத்தும் நாட்டை எனக்குப் பிடிக்காமல் போகுமா? ஒவ்வொரு மரமாகப் படித்துக்கொண்டே போனேன், மகள் அரை கிலோமீட்டர் முன்னால் போய்விட்டாள். மறுபடி போனால் கடலுக்கு இரண்டு நாள் போதும், மீதி முழுக்கக் காடுதான்.

ஒடெமிராவில் பெட்டி எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றது. அன்று காலை சீட்டை நானே எழுதி ஒட்டியிருந்தேன், தெருப் பெயரும் ஏழு இலக்க அஞ்சல் குறியீடும் உட்பட.