டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்: கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு எவ்வளவு உதவும்?

கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி 1924-இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ், மேடைப் பேச்சுக்கான பயிற்சிக் களம். ஆனால் அங்கே வருகிற பலருக்கு மேடை ஆசையே கிடையாது. முன்பின் தெரியாதவரிடம் நாலு வார்த்தை பேச வந்தால் போதும் என்றுதான் வருகிறார்கள். அவர்களுக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும்?

கூட்டத்தில் மூன்று பகுதிகள்: தயாரித்து வந்த உரைகள், டேபிள் டாபிக்ஸ் (கேட்கிற கேள்விக்கு அங்கேயே யோசித்துப் பதில் சொல்வது), மதிப்பீடு (உரையைக் கேட்டவர் அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது). கூச்சம் உள்ளவருக்கு இவற்றில் டேபிள் டாபிக்ஸ்தான் தங்கம். கேள்வி என்னவென்று எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். நேரத்தைக் காட்ட அட்டை பிடிப்பார்கள்: குறைந்தபட்ச நேரமான ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், முடிக்க வேண்டிய இரண்டில் சிவப்பு. கூச்சப்படுகிறவர் எதைச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். ஒத்திகைக்கே இடமில்லாத இந்தப் பகுதி அந்தப் பழக்கத்தைத்தான் உடைக்கிறது. பலர் சறுக்குவது, பெரிய தத்துவமாக ஏதாவது சொல்ல முயலும்போது. இருபது நொடியில் சரக்கு தீர்ந்துவிடும். முதல் வாக்கியத்திலேயே நேரடி பதில், அடுத்து காரணம், பிறகு உங்களுக்கு நடந்த ஒரு சின்ன விஷயம் என்று போனால் பச்சை அட்டை தானாக வந்துவிடும்.

சேர்ந்ததும் ஐஸ் பிரேக்கர் என்ற அறிமுக உரையைத் தரச் சொல்வார்கள். நான்கிலிருந்து ஆறு நிமிடம். அதற்கு முன் இரண்டு கூட்டங்களில் டைமர் பொறுப்பை, அதாவது நேரம் பார்த்து அட்டை காட்டி, யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று சொல்லும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். சொல்ல வேண்டிய வாசகம் ஏறக்குறைய முன்பே தெரியும், எல்லார் கண்ணும் அட்டை மேல்தான் இருக்கும். கூட்டம் முடிந்ததும் யாரிடமும் போய்ப் பேச ஒரு காரணமும் கையில் இருக்கும்: “உங்க பேச்சு அஞ்சரை நிமிஷம் வந்துச்சு. அந்த ரயிலைத் தவறவிட்டீங்களே, அப்புறம் என்ன செஞ்சீங்க?”

‘ம்’, ‘அது வந்து’ போன்ற இழுவைகளை எண்ணிச் சொல்லும் ஆ கவுண்டர் முறை எங்களுக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. பேச்சாளருக்கு அது நல்லது. கூச்சம் உள்ளவரோ ஏற்கெனவே தன்னைத்தானே கண்காணித்துக்கொண்டே பேசுகிறவர்; அதை இது இன்னும் கூட்டிவிடும். முதல் சில மாதங்கள் அந்த எண்ணிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பெரிய குறை வேறு. இங்கே உங்கள் முறை வரும், எல்லாரும் காத்திருப்பார்கள், கைதட்டல் நிச்சயம். வெளியே யாரும் முறை வைத்துக் கொடுப்பதில்லை. உரையாடலை நிகழ்ச்சி நிரல் கற்றுத்தராது. கூட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நேரம்தான் கற்றுத்தரும். பதினைந்து நிமிடம் முன்பே போங்கள். இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், நாற்காலி போட உதவலாம். ஒரு கேள்வி கேளுங்கள், அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள், பிறகு உங்களைப் பற்றி ஒன்று சொல்லுங்கள். அந்த மூன்றாவது இல்லாவிட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். வீடு திரும்பும்போது ‘சொதப்பிவிட்டோம்’ என்று தோன்றினால் நம்ப வேண்டாம். புதிதாகச் சந்தித்தவருக்கு நம்மை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று 2018-இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

கிளப்புக்குக் கிளப் தரம் மாறும். சேரும் முன் விருந்தினராக இரண்டு மூன்று கிளப்புகளுக்குப் போய்ப் பாருங்கள். பேச அழைத்தால் மறுக்கலாம். மதிப்பீட்டாளர் ‘பிரமாதம்’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால் அங்கே கற்க அதிகம் இல்லை. மாற்ற வேண்டிய ஒன்றையாவது குறிப்பாகச் சொல்ல வேண்டும். சிறிய கிளப் என்றால் வாய்ப்பு அடிக்கடி வரும். இணையவழிக் கூட்டங்களை இதற்காகப் பரிந்துரைக்க மாட்டோம். கூட்டம் முடிந்ததும் திரை அணைந்துவிடுகிறது, நின்று பேச ஆளில்லை.

பயத்தால் வேலையையோ படிப்பையோ தவிர்க்கும் நிலைக்கு வந்தவர்கள் முதலில் உளவியல் நிபுணரைப் பாருங்கள். கிளப்பில் அதற்கான சிகிச்சை இல்லை.