கார்ப் கிளீனர் ஸ்ப்ரே: நின்றுபோன பைக்குக்கு எதுவரை உதவும்?

மாதக்கணக்கில் ஓரமாக நின்ற கார்புரேட்டர் பைக் எவ்வளவு கிக் அடித்தும் எழவில்லை என்றால், பலரும் முதலில் வாங்கி வருவது கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. சரக்கு நல்ல சரக்குதான். அடிக்கிற இடம்தான் பெரும்பாலும் தப்பு. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் வாயில் பீய்ச்சினால், அந்த ஸ்ப்ரேயே எரிந்து வண்டி இரண்டு நொடி உறுமிவிட்டு அணையும். ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம், அவ்வளவே. அடைப்பு அப்படியே இருக்கும். திரும்பத் திரும்ப அடித்தால் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலும் கழுவிப் போகும். பெட்ரோலோடு ஆயில் கலந்து வரும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் இது இன்னும் மோசம்.

டப்பாவைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. டேங்கில் கிடக்கும் பெட்ரோலை மோந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் முழுவதையும் இறக்கிவிடுங்கள். ஃப்ளோட் பவுலின் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி அங்கே தேங்கியதையும் வடியுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் நின்ற வண்டியானால் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக சுமார் 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு, கிக்கரை மெதுவாகச் சில முறை மிதியுங்கள். பிறகு சுத்தமான பிளக், புது பெட்ரோல், முழு சோக். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள், திருகினால் சோக் வழி இழுக்கும் வேகம் குறைந்து கலவை மெலிந்துவிடும். வேக்கம் டேப் (இன்ஜின் இழுக்கும்போது மட்டும் பெட்ரோல் விடும் டேப்) உள்ள வண்டியில் 'பிரைம்' நிலையில் வைத்தால்தான் காலியான பவுல் நிரம்பும். இத்தனையிலேயே பல வண்டிகள் எழுந்துவிடும், ஸ்ப்ரே வாங்கும் செலவும் மிச்சம்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் பைலட் ஜெட் (ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் குட்டித் துளைக் குழாய்) அடைத்திருக்கிறது. பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் காற்றுபட்டுப் பிசினாகிறது. பைலட் ஜெட்டின் துளை பல பைக்குகளில் அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது, அதனால் முதலில் மூடுவது அதுதான். இந்த ஸ்ப்ரேக்கு உரிய வேலையும் இதுதான். ஆனால் கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்தாக வேண்டும்.

பிரிக்கும்போது டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு), ஓ-ரிங், பவுலுக்கு வரும் பெட்ரோலை மூடும் ரப்பர் நுனி கொண்ட ஃப்ளோட் ஊசி எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். இந்தக் கரைப்பான் ரப்பரை உப்ப வைக்கும், பெயின்ட்டையும் உரிக்கும். லேபிளில் ரப்பருக்குப் பாதுகாப்பானது என்று போட்டிருந்தாலும் அதை நம்பி டயாஃப்ரமை உள்ளேயே விட்டுவிடாதீர்கள். பைலட் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ) முதலில் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று குறித்துக்கொண்டபின் கழற்றுங்கள். அதன் பின்னால் குட்டி ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் இருக்கும். ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.

இனி மெல்லிய ஸ்ட்ராவைப் பொருத்தி ஒவ்வொரு வழியிலும் அடித்து, எதிர்முனையில் வெளிவருகிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரா இறுக்கமாக உட்காராத டப்பாவை வாங்கவே வேண்டாம், பாதி கையில்தான் வழியும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்: ஒரு துளையில் அடித்தது இன்னொரு துளை வழியாக நேரே கண்ணுக்கு வரும். கையுறை, காற்றோட்டமும் வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி அடித்து, காற்றழுத்தத்தால் ஊதி, ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஸ்டீல் கம்பி விடாதீர்கள். ஜெட் பித்தளை, துளை அகன்றால் கலவையே மாறிவிடும். மெல்லிய நைலான் நரம்பு போதும்.

மெல்லிய பழுப்புப் பிசினுக்கு இந்த ஸ்ப்ரே அருமை. கெட்டியான பச்சைப் படிவுக்கும், தண்ணீர் தேங்கி அலுமினியம் அரித்த வெள்ளைத் தூளுக்கும் ஏறக்குறைய உதவாது. அங்கே அல்ட்ராசோனிக் தொட்டி (ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் தொட்டி) அல்லது புது ஜெட்தான் வழி. பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் திரவம் ஸ்ப்ரேக்கு மாற்றல்ல: முழுதாக மூடிய ஜெட் வழியாக அது போகவே வழியில்லை. லேசான அழுக்குக்கு மட்டும் ஊற்றலாம்.

ஒரு சிலிண்டர் பைக்குக்கு ஒரு டப்பா தாராளம். மாட்டியபின் டேப்பைத் திறந்து ஓவர்ஃப்ளோ ட்யூபைக் கவனியுங்கள். பெட்ரோல் ஒழுகினால் ஃப்ளோட் ஊசி சரியாக மூடவில்லை. பவுலை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒழுகல் நிற்காவிட்டால் ஊசியை மாற்றுங்கள். இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தாலோ அளவு கூடியிருந்தாலோ, ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.