ரிப்பன் கேபிள் ரிப்பேர் சாமான்கள்: எது காசுக்குத் தகும், எது தகாது

ரேடியோ பாடும், சிடி மட்டும் ஓடாத மினி ஹைஃபை. பாதிப் பக்கத்தில் நின்றுவிடும் ஸ்கேனர். பொத்தானை எத்தனை அமுக்கினாலும் அசையாத சலவை இயந்திரம். இப்படி வருகிற பொருள்களைத் திறந்து பார்த்தால் பல நேரம் மோட்டாரும் போர்டும் நன்றாகத்தான் இருக்கும், நடுவில் தட்டையாக ஓடும் ரிப்பன் கேபிள்தான் விரிசல் விட்டிருக்கும், அல்லது அதன் நுனி கறுத்திருக்கும். அந்தக் கேபிளைச் சரிசெய்ய என்று விற்கும் சாமான்களை வாங்கி என் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் பயன்படுத்திப் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். எதுவும் பெரிய பிராண்ட் கிடையாது. சிங்கப்பூர் சிம் லிம் டவர் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் பெயரில்லாச் சரக்குதான், அதனால் வகை வகையாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கையில் இருப்பது எந்தக் கேபிள் என்று பாருங்கள், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றைக் கெடுத்துவிடும். வெள்ளை நிறத்தில், இரண்டு நுனியிலும் பெரும்பாலும் நீலப் பிளாஸ்டிக் ஒட்டி, நேர்க்கோட்டில் ஓடினால் அது எஃப்எஃப்சி. பாலியெஸ்டர் தாளுக்கு நடுவே தட்டைச் செம்புப் பட்டைகள் வைத்து அழுத்தியது. தேன் நிறத்தில், வளைந்து நெளிந்து கிளை பிரிந்து போனால் அது எஃப்பிசி. பாலிஇமைடு தாளில் செம்பை அரித்து எடுத்தது, அந்த மாடலுக்கென்றே வெட்டியது. மூன்றாவது வகை கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறக் கோடுகள் ஓடுவது. அதில் செம்பே இல்லை, சில்வர் மையால் அச்சடித்த கோடுகள். பொத்தான் பலகைகளின் வால் பெரும்பாலும் இதுதான்.

வெள்ளை எஃப்எஃப்சி என்றால் ஒட்டுப்போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள், புதுக் கேபிள் வாங்குங்கள். நான் வாங்கிய எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்ததும் குறைந்த விலையும் இந்தப் புதுக் கேபிள்தான், ஒன்று ஓரிரு வெள்ளிதான் (டாலர்தான்) ஆகிறது. ஆனால் சரியானதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். பலர் கேபிள் மேல் அச்சிட்டிருக்கும் ‘ஏடபிள்யூஎம் 20624 80சி 60வி விடபிள்யூ-1’ என்ற வரியைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். அது பாகத்தின் எண் கிடையாது. 80 டிகிரி வரை தாங்கும், 60 வோல்ட் வரை தாங்கும், தீப்பரவல் சோதனையில் தேறியது என்பதை மட்டும் சொல்லும் வரி அது, ஆயிரம் வேறு வேறு கேபிள்களில் அதே வரி இருக்கும். கடையில் சொல்ல வேண்டியது நான்கு விஷயம்: எத்தனை பின் (நுனியில் தெரியும் செம்புப் பட்டை), ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு நீளம், இரண்டு நுனியிலும் செம்பு ஒரே பக்கம் தெரிகிறதா எதிரெதிர்ப் பக்கமா.

இடைவெளியை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கேபிளின் முழு அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, பின்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள். 16 பின், 17 மி.மீ. அகலம் என்றால் இடைவெளி 1 மி.மீ. 24 பின், 12.5 மி.மீ. என்றால் 0.5 மி.மீ. வீட்டுப் பொருள்களில் நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டும்தான், 1.25 மி.மீ. எப்போதாவது வரும். பக்கம் பற்றிய கேள்வியில் கவனம் தேவை. செம்பு ஒரே பக்கம் இருப்பதை ஏ வகை என்பார்கள், எதிரெதிர்ப் பக்கத்தைச் சிலர் பி என்றும் சிலர் டி என்றும் சொல்வார்கள், அதனால் எழுத்தைச் சொல்லாமல் பழைய கேபிளையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். தப்பான வகையை வாங்கிவிட்டுத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றலாம் என்று நினைத்தால் முதல் பின் கடைசிப் பின்னாகிவிடும், மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போய் போர்டே எரிந்துவிடலாம்.

ஈசூனில் இருக்கும் பெரியம்மாவின் ஹைஃபை இதற்கு நல்ல உதாரணம். ஒலி 96.8 வானொலி கணீரென்று கேட்கிறது, அப்படியானால் பவரும் ஆம்பிளிஃபயரும் சரி. சிடி போட்டால் முதல் சில பாட்டு ஓடும், அப்புறம் திக்கித் திக்கி நின்றுவிடும். எந்த சிடி போட்டாலும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்பதுதான் துப்பு. சிடியை லேசர் தலை உள்வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாகப் படித்துக்கொண்டே நகரும், கூடவே கேபிளின் வளைவும் நகரும், விரிசல் விட்ட இடம் வளைவுக்கு வரும்போது இணைப்பு விடுபட்டுப் போகிறது. தட்டைக் கழற்றி கேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், வளையும் இடத்தில் ஓரத்திலிருந்து மூன்றாவது பட்டையில் மட்டும் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து இரண்டு நுனியையும் தொட்டுக்கொண்டு கேபிளை மெதுவாக வளைத்தேன். நேராக இருந்தால் பீப், வளைத்தால் மௌனம்.

பிராண்டின் சேவை நிலையத்தில் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள், அந்தப் பாகம் இப்போது வருவதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். “தூக்கிப் போட்டுடலாமாடா, காராங்குனிக்காரர் வரும்போது கொடுத்துடறேன்” என்று பழைய சாமான் வாங்க வருபவரைச் சொன்னார் பெரியம்மா. “கொஞ்சம் பொறுங்க பெரியம்மா, சிம் லிம் டவருக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று வாங்கி வந்தேன்.

சிம் லிம் டவரைப் பற்றி ஒரு வார்த்தை. கணினியும் கைப்பேசியும் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது ஜாலான் புசார் பக்கம் இருக்கும் கட்டடம். ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கி நடந்துவிடலாம், தேக்காவிலிருந்தும் தூரமில்லை. ரெசிஸ்டர், சுவிட்ச், கனெக்டர், வயர் என்று உதிரிப் பாகம் விற்கும் சிறு கடைகள் அங்கே இருக்கின்றன. ஒரு கடையில் இல்லை என்றால் அடுத்ததில் கேளுங்கள். நான் போன கடையிலிருந்த சீன அங்கிள் பழைய கேபிளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புதியதின் மேல் வைத்து ஒவ்வொரு பட்டையும் நேராக நிற்கிறதா என்று பொருத்திப் பார்த்த பிறகுதான் காசு வாங்கினார். அந்தப் பொறுமைக்காகவே இணையத்தில் வாங்காமல் நேரில் போகலாம் என்பேன்.

இணையத்தில் விற்கும் கலப்புப் பொதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பத்து, இருபது என்று வெவ்வேறு பின் எண்ணிக்கையில் கேபிள்கள் இருக்கும், விலையும் மலிவு, ஆனால் நீளம் எல்லாம் ஒன்றே. அசையாத இடத்தில் கொஞ்சம் நீளம் கூடினால் ஒன்றும் ஆகாது. ஓடியாடும் லேசர் தலைக்கும் ஸ்கேனர் தலைக்கும் அப்படிப் போட்டால் உபரி நீளம் எங்கேயாவது உரசி மறுபடி அறுந்துபோகும். இன்னொன்று, ஓயாமல் வளையும் இடத்துக்கு மெல்லிய செம்பு போட்ட வகையைத்தான் கேட்க வேண்டும், தடித்த செம்பு வளைந்து வளைந்து சீக்கிரம் முறியும். பொதியில் எது எந்த வகை என்று எழுதியிருக்கவில்லை. பெரியம்மா வீட்டு சிடிக்குச் சரியான நீளத்தில் தனியாக வாங்கிய கேபிளைத்தான் போட்டேன், இப்போது சிடி கடைசிப் பாட்டு வரை ஓடுகிறது. ஒன்றை மறக்காதீர்கள்: லேசர் தலை நிலைமின்சாரம் தாங்காது, கேபிளைக் கழற்றுவதற்கு முன் தரையிணைப்புள்ள உலோகம் எதையாவது தொட்டுவிட்டுத் தொடங்குங்கள், லேசர் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். இது எல்லார் வீட்டிலும் இருக்கட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கேபிள் அறுந்ததைவிட நுனி கறுத்ததுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சுக் குச்சியை நனைத்து நுனியைத் துடைத்து, காய்ந்ததும் நேராகச் செருகினாலே பல பொருள்கள் எழுந்துவிடும். கழற்றும்போது மட்டும் இழுக்காதீர்கள். கேபிளைச் செருகும் கனெக்டரில் கறுப்பு அல்லது பழுப்புநிறப் பூட்டு ஒன்று இருக்கும், சிலவற்றில் நகத்தால் மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் இரு பக்கமும் பிடித்து ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ள வேண்டும். பூட்டே இல்லாத வகையும் உண்டு, அதைத்தான் நீலப் பகுதியைப் பிடித்து நேராக இழுக்கலாம். பூட்டு உடைந்துபோனால் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைக் கேபிளுக்குப் பின்னால் சேர்த்துச் செருகி இறுக்கலாம், கொஞ்ச காலம் தாங்கும். கேபிளின் நுனி மட்டும் கிழிந்து, நீளம் மிச்சம் இருந்தால், கெட்டதை நேராக வெட்டிவிட்டு, செம்பு தெரிய வேண்டிய பக்கத்தில் நாலைந்து மில்லிமீட்டர் தாளைச் சுரண்டி, பழைய நீலத் துண்டைப் பின்னால் ஒட்டி மறுபடி செருகலாம். நுனியின் மொத்தக் கனம் 0.3 மி.மீ. அளவில் வந்தால்தான் கனெக்டர் கவ்வும்.

குறைந்த சூட்டில் உருகும் ஈயத்தை (பற்றவைக்கும் சால்டரைத்தான் ஈயம் என்கிறேன்), அதாவது தகரமும் பிஸ்மத்தும் கலந்ததை, எஃப்எஃப்சியை ஒட்டலாம் என்று சொல்லி விற்கிறார்கள். 138 டிகிரியில் உருகுவது உண்மைதான். சாதாரண ஈயத்துக்கு சால்டரிங் அயர்னை 320, 350 டிகிரியில் வைத்தால் பாலியெஸ்டர் தாள் சுருண்டு உருகிப் பட்டைகள் இடம் மாறிவிடும், இதில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பிஸ்மத் ஒட்டு முறுகலானது, வளைந்தால் விண்டுபோகும். ஈய உலோகம் சேர்ந்த பழைய சால்டரோடு கலந்துவிட்டால் 100 டிகிரிக்குக் கீழேயே இளகும் கலவை உருவாகும், சூடேறும் பொருளுக்குள் அது இருக்கக்கூடாது. கேபிள் எங்கேயும் கிடைக்கவில்லை, அது அசையாத இடம், இடைவெளி 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் மட்டும் வாங்குங்கள்.

தேன் நிற எஃப்பிசிக்கு நிலைமை வேறு. கடையில் மாற்று கிடைக்காது, ஆனால் அயர்னின் சூட்டைத் தாங்கும், அதனால் ஒட்டுவேலை உண்மையிலேயே பலிக்கும் இடம் இதுதான். தம்பியின் கேமராவில் மடக்குத் திரைக்குப் போகும் எஃப்பிசி கீலில் அறுந்திருந்தது. கூர்மையான பிளேடின் முனையால், வெட்டாமல், சுரண்டுவது போல் மேல்தாளை விலக்கினால் ரோஜா நிறச் செம்பு தெரியும். ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் ஒரு பொட்டு, மெல்லிய ஈயப் பூச்சு, அதன்மேல் 0.1 மி.மீ. எனாமல் கம்பியை வைத்து இரண்டு பக்கமும் தொட வேண்டும். கம்பியை விறைப்பாக இழுக்காமல் சின்னத் தொய்வு விட்டேன், ஒட்டு இரண்டும் கீலின் வளைவுக்கு வெளியே விழும்படி பார்த்துக்கொண்டேன். அதன்மேல் பூசிய பச்சை யுவி பசையை நான் மனமாரப் பாராட்டுவேன். சிறிய ஊசிக்குழலில் வருகிறது, மெல்லிய பூச்சாக வைத்து யுவி விளக்கைக் காட்டினால் கெட்டியாகிவிடும், கம்பிகள் ஒன்றையொன்று தொடாது. தடியாகப் பூசினால் உள்ளே ஈரமாகவே இருக்கும், அதுமட்டும் கவனம். மேலே காப்டன் டேப் (சூடு தாங்கும் டேப்) ஒரு சுற்று. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

சில்வர் பெயிண்ட் பேனாதான் இந்த வரிசையிலேயே விலை அதிகம், எதிர்பார்ப்பும் அதிகம். சலவை இயந்திரத்தின் பொத்தான் பலகையில் வால் மடிந்த இடத்தில் மை விட்டிருந்தது, அதில் ஈயம் ஒட்டாது, அழிப்பானால் தேய்த்தால் மையே போய்விடும், அதனால் வேறு வழியும் கிடையாது. பேனாவின் முனை கோட்டைவிடத் தடிமன். ஒரு துளியை மூடியில் எடுத்து, இரு பக்கமும் டேப் ஒட்டி, பல்குச்சியால் இழுத்தேன். ஒரு நாள் காயவிட்டு அளந்தபோது சில ஓம் காட்டியது, பொத்தானுக்கு அது தாராளம், பலகை வேலை செய்கிறது. ஆனால் மறுபடி மடித்தால் வெடிக்கும் என்பதால் அந்த இடத்தை நேராகவே நிற்கும்படி ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்ட வேண்டியிருந்தது. பேனா கொஞ்ச நாளில் அடைத்துக்கொண்டது, அடுத்த முறை சின்னப் புட்டியில் வருவதைத்தான் வாங்குவேன்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற சமூகப் பழுதுபார்ப்பு நிகழ்ச்சி இருக்கிறது. 2014 முதல் நடக்கிறது, தொண்டூழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நம் கையாலேயே செய்ய வைக்கிறார்கள். கேபிளைக் கையோடு வாங்கிக்கொண்டு போனால் அங்கே நேரம் வீணாகாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு இந்தத் தீவில் சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. அதில் எத்தனை பொருள் ஒரு வெள்ளிக் கேபிளுக்காகப் போனதோ என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது.

இரண்டு பொருளுக்கு மட்டும் இந்தச் சாமான்களை வாங்க வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பின் பொத்தான் வேலை செய்யாவிட்டாலும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டிவி திரையில் செங்குத்துக் கோடு விழுந்தால், போர்டிலிருந்து பேனலுக்குப் போகும் எஃப்எஃப்சியை ஒருமுறை கழற்றித் துடைத்துச் செருகிப் பாருங்கள். அப்படியும் கோடு நின்றால் பழுது பேனலின் விளிம்பில் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டப்பட்ட படலத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், அதை மறுபடி ஒட்ட அதற்கென்று இயந்திரம் வேண்டும். பேனல் மாற்ற என்ன விலை என்று முதலில் கேட்டுவிடுங்கள்.