சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்கினார், நம்பினேன்: ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு ஸ்கேனர் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பதினொரு நாள்களுக்கு முன் என் மாதச் சம்பளத்தில் சரிபாதியைக் கொடுத்து, வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஒரு டயக்னாஸ்டிக் ஸ்கேனர் வாங்கினேன். அந்தப் பணம் திரும்பி வராது என்பதை விற்பனைத் தளம் நேற்றிரவு இரண்டே வரிகளில் தெரிவித்துவிட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். அடங்கிய பிறகு எழுதினால் நாகரிகம் கருதிப் பாதியை விட்டுவிடுவேன்.

என்னுடையது லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியர்) வசதியுள்ள பழைய டீசல் வண்டி. ஓர் ஓடையைக் கடந்து வந்த மறுநாளே டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு மினுக்கத் தொடங்கியது. குமிழைத் திருப்பினால் லோ ரேஞ்ச் விழவில்லை. எஞ்சின் விளக்கு மட்டும் எரியவே இல்லை. கையிலிருந்த மலிவான புளூடூத் கருவியைச் செருகிப் பார்த்தேன். பழுது எதுவும் பதிவாகவில்லை என்றது. (அதன் மேல் 'ஈஎல்எம் 327, பதிப்பு 1.5' என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பெயருள்ள அசல் சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஏமாறுவது எனக்குப் புதிதல்ல போலும்.)

ஆனால் அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும், டீசல் கார்களுக்கு 2004 முதலும் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி (வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து பதியும்) ஏற்பாடு, புகை வெளியேற்றத்தோடு தொடர்புடைய தகவல்களை மட்டுமே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகத் திறந்து வைக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பகிரும் பெட்டி), ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஸ்டியரிங் கோண சென்சார், டிஃபரன்ஷியல் லாக் (ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைப்பது) ஆகியவற்றோடு பேச அந்தந்தத் தயாரிப்பாளரின் மொழி தெரிந்த கருவி வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முள் சாக்கெட்டின் வடிவம் எல்லா வண்டியிலும் ஒன்றுபோல் இருப்பதால் எல்லாக் கருவியும் எல்லாவற்றையும் படித்துவிடும் என்று தோன்றுகிறது. அந்த முள்களில் சிலவற்றைத் தயாரிப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம். சிலர் இரண்டாவது தகவல் இணைப்பையே அவற்றில் ஓட்டுகிறார்கள். அந்த முள்களுக்குக் கம்பியே இல்லாத கருவி, அங்கே நடக்கும் பேச்சைக் கேட்கவும் முடியாது.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஏமாந்தேன் என்பது என் வயிற்றெரிச்சல். வாகனக் கருவிகள் விற்கும் ஓர் இணையச் சந்தையில், 'முழு சிஸ்டம்' என்று விளம்பரப்படுத்திய விற்பனையாளர் ஒருவரிடம், டிரான்ஸ்ஃபர் கேஸை இயக்கும் கணினியான கண்ட்ரோல் யூனிட்டைத் திறக்குமா என்று நேரடியாகவே கேட்டேன். அவர் உடனே ஆம் என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அவரோ சேஸிஸ் எண்ணைக் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து, "சரிபார்த்துவிட்டேன், உங்கள் வண்டிக்கு முழுமையாகப் பொருந்தும், ஆக்சுவேட்டர் டெஸ்ட்டும் செய்யலாம்" என்று எழுதினார்; ஆக்சுவேட்டர் டெஸ்ட் என்றால் மோட்டாரைக் கருவியிலிருந்தே இயக்கிப் பார்ப்பது. கூடவே, திரையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரின் நிலை மாறுவதைக் காட்டும் ஒரு காணொளியையும் அனுப்பினார். அந்த ஒரு மணி நேரத் தாமதம்தான் என்னை வீழ்த்தியது. யாரோ ஒருவர் உட்கார்ந்து என் வண்டியைத் தேடிப் பார்த்திருக்கிறார் என்று நம்பி, அரை மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

வந்த கருவி எஞ்சினை அழகாகப் படித்தது. ஏபிஎஸ்ஸில் பழுதுக் குறியீட்டைப் படிக்க மட்டும் விட்டது. ஃபோர் வீல் டிரைவ் பட்டியலைத் தொட்டதும், தனி உரிமம் வாங்க வேண்டும், அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் ஆண்டுக்கு மட்டும் அதையும் கட்டினேன். "யூனிட்டுடன் தொடர்பு கிடைக்கவில்லை" என்ற வாசகமே திரும்பத் திரும்ப வந்தது. காணொளியை மறுபடி ஓட்டிப் பார்த்தபோதுதான், அதில் இருந்தது வேறொரு தயாரிப்பாளரின் வண்டி என்பதையும், கருவியின் திரையமைப்பே வேறு என்பதையும் கவனித்தேன்.

அதன் பிறகு விற்பனையாளரிடமிருந்து கிடைத்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். மென்பொருளைப் புதுப்பியுங்கள் என்றார், புதுப்பித்தேன். பேட்டரி பலவீனமாக இருக்கும் என்றார். மாற்றுப் பேட்டரி வைத்தும் பார்த்தேன். உங்கள் வண்டியின் சாக்கெட்டில்தான் கோளாறு என்றார். அப்படியானால் எஞ்சின் தகவல் எந்த வழியாக வந்தது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இறுதியில், உரிமம் செயல்படுத்தப்பட்டுவிட்டதால் கருவியைத் திரும்பப் பெற இயலாது என்றார். அதாவது, அவர் பேச்சை நம்பிச் சோதித்துப் பார்த்ததே என் குற்றம். தளத்திடம் முறையிட்டேன். கருவி இயங்குகிறது, எனவே விளக்கத்துக்கு மாறான பொருள் அல்ல என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். அரை மாதச் சம்பளம், அதோடு உரிமக் கட்டணம், இரண்டும் போயின.

பழுது என்னவென்று அறிய விரும்புவோருக்கு: பொருத்தமான கருவி வைத்திருந்த ஒரு மெக்கானிக், அரை மணி நேரத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரின் நிலை சென்சாரைச் சுட்டும் 'சி' வகைக் (சேஸிஸ் பகுதிகளுக்கான) குறியீட்டை எடுத்தார். கனெக்டருக்குள் சேற்று நீர் புகுந்திருந்தது. கழுவி, உலர்த்தி, மீண்டும் பொருத்தினார்; அவர் வாங்கிய கூலி அந்த உரிமக் கட்டணத்தைவிடக் குறைவு.

கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. 'முழு சிஸ்டம்' என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது; உங்கள் மாடல், ஆண்டு, எஞ்சின் மூன்றையும் குறிப்பிட்டு, எந்தெந்த யூனிட்டில் குறியீட்டைப் படிக்கலாம், நேரடித் தரவைப் பார்க்கலாம், மோட்டாரை இயக்கிப் பார்க்கலாம், அளவீட்டைச் சரிசெய்யலாம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். உரிமம் எத்தனை நாளுக்கு, புதுப்பிக்காவிட்டால் எது நின்றுபோகும் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அதே மாடல் கருவி வைத்திருக்கும் ஒருவருடையதை உங்கள் வண்டியில் செருகிப் பார்க்க முடிந்தால், அதைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். காணொளி அனுப்பினால், அதில் உங்கள் வண்டியின் டேஷ்போர்டு தெரிகிறதா என்று பாருங்கள். குறியீட்டை அழிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிப்பது முதல் வண்டியில் முதன்முறை செருகுவது வரை நிறுத்தாமல் காணொளி எடுங்கள். தளம் என்னிடம் கேட்ட ஒரே ஆதாரம் அதுதான், என்னிடம் அது இல்லை.